பெரியாத்தாவுக்கு நான் வாசித்த தாள்

எனக்கு நாற்காலி போட்டார்கள்.

சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு கை உடைந்து, அதைச் செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். மூக்கம்மாள் பெரியாத்தா வீட்டு வாசலில் வேப்பமர நிழல் விழும் இடமாகப் பார்த்துப் போட்டு, தோளில் கிடந்த துண்டால் இருக்கையைத் தட்டிவிட்டு, "உக்காருங்க டீச்சர்" என்றார் சண்முகம் அண்ணன். பெரியாத்தாவின் மூத்த மகன்.

எங்கள் ஊரில் எல்லோருக்கும் நாற்காலி போட்டுவிட மாட்டார்கள். வி.ஏ.ஓ. வந்தால் போடுவார்கள். தடுப்பூசி போட வருகிற நர்சம்மாவுக்குப் போடுவார்கள். நான் அதுவரைக்கும் அந்த வாசலில் மண்ணில்தான் உட்கார்ந்திருக்கிறேன். சண்முகம் அண்ணன் என்னை "ஏ புள்ள" என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக "டீச்சர்". அதுவும் "உக்காருங்க".

பெரியாத்தா கீழே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு பாலிதீன் உறை. உறைக்குள் அரபியில் அச்சடித்த தாள்.

"வாசி தாயி. நீ வாசிச்சுச் சொன்னாத்தான் நான் கைநாட்டு வைப்பேன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

வாசித்தேன். அந்தத் தாளில் இல்லாத ஒன்றை வாசித்தேன்.

இத்தனை வாரமாக இந்தப் பக்கத்தில் என் படிப்பைப் பற்றி எழுதியதில் பாதி பெருமைதான். கடலாடிப் பக்கத்துக் கரிமூட்டக்காரர் மகள் அரபி படித்து டீச்சரான கதை என்று ஆசையாகப் படித்துக் கடிதம் போடுகிறார்கள். அந்தப் படிப்பை வைத்து ஊரில் நான் செய்த ஒரு வேலையை மட்டும் இதுவரை எழுதவில்லை. எழுதாமலே தொடரை முடித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

மிச்சமிருந்த சீட்டு

அரபி மேல் எனக்கு ஆசையெல்லாம் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடற்கரை ஊர் ஒன்றில் இருந்த பெண்கள் கல்லூரிக்கு அய்யாவும் நானும் போய்ச் சேர்ந்தபோது தமிழ் முடிந்திருந்தது, இங்கிலீஷ் முடிந்திருந்தது, வரலாறும் முடிந்திருந்தது. இரண்டு பஸ் மாறிப் போனதில் தாமதம். ஆபீசில் இருந்தவர் பேரேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அரபில மட்டும் எடம் இருக்கும்மா. எழுத்துல இருந்து சொல்லித் தருவாங்க. பி.ஏ. முடிச்சு பி.எட். பண்ணிட்டா இந்தக் கரையில உள்ள பள்ளிக்கூடங்கள்ல வேலைக்குப் பஞ்சமில்ல" என்றார்.

அய்யா என்னைப் பார்த்தார். சீமைக்கருவேல விறகை மூட்டம் போட்டுக் கரியாக்குகிறவர்; அவர் நகக்கண்ணில் அன்றைக்கும் கரி இருந்தது.

"அரபின்னா அந்த நாட்டு ஆளுக பேசுறதா? அதப் படிச்சு நீ யாருகிட்டத்தா பேசப் போற?"

"டீச்சர் வேலை கெடைக்குமாம்யா."

அந்த ஒரு வார்த்தை அவருக்குப் போதுமாக இருந்தது. பதில் சொல்லத் தெரியாமல் நானும் அதைச் சொல்லித்தான் தப்பித்தேன்.

வகுப்பில் பதினான்கு பேர். என்னைத் தவிர எல்லோரும் நாலு வயதிலேயே ஓதப் பழகியவர்கள். எழுத்தைப் பார்த்ததும் அவர்கள் வாய் தன்னால் ஓடும். எனக்கு எந்தப் பக்கமிருந்து நோட்டைத் திறப்பது என்பதே பெரிய பாடமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்த ரிஸ்வானாதான் என் கையைப் பிடித்து வலமிருந்து இடமாக இழுத்துப் பழக்கினாள். டிபன் பாக்சில் அவள் உம்மா கிண்டிய தொதல் என்ற இனிப்பு இருக்கும். ஓர் எழுத்தைச் சரியாக எழுதினால் ஒரு துண்டு. நான் தேறியது அந்தத் தொதலால்தான் என்று இன்றைக்கும் சொல்லுவாள்.

ஊரில் வேறு மாதிரி. "ஏத்தா, ஒட்டகம் வாங்கிட்டியா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். "நம்ம ஆடு பேசுனா அது அரபியான்னு கேட்டுச் சொல்லு" என்பார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். திருப்பிக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அழுவேன். என்னை ஒருவராவது மதித்துக் கூப்பிட வேண்டும் என்ற வெறி அப்போதே என்னைப் பிடித்துவிட்டது. அந்த வெறியைச் சொல்லாமல் மீதிக் கதையைச் சொல்ல முடியாது.

ஆடு மேய்க்கிற வேலை

இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது பெரியாத்தாவின் இளைய மகன் முனியசாமி அண்ணனுக்கு வெளிநாட்டு வேலை வந்தது.

டிரைவர் வேலை என்று சொல்லியிருந்தார் ஏஜெண்ட். அண்ணன் மினி லாரி ஓட்டுவார். சீமைக்கருவேலங் கரியை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி வரைக்கும் போய்வருவார். புதுச் சட்டை எடுத்து, போட்டோ பிடித்து, பாஸ்போர்ட் வாங்கி, எல்லாம் தயார். அரபியில் வந்திருந்த வேலை ஒப்பந்தத்தை, வாசித்துக் காட்டச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தாள் பெரியாத்தா. ஊரில் என் படிப்பைக் கேலி பண்ணாத ஒரே ஆள் அவள்தான்.

மண்ணில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். முதலில் அரபியில் சத்தமாக. பிறகு தமிழில். பெரியாத்தா அப்படித்தான் கேட்டாள். "அந்தப் பாசையில என்ன இருக்குன்னு மொதல்ல காதுல விழணும், அப்புறம் நீ அர்த்தத்தச் சொல்லு" என்றாள்.

வேலை என்று போட்ட இடத்தில் டிரைவர் இல்லை. ஆடு மேய்ப்பவர் என்று இருந்தது.

சொன்னேன். சண்முகம் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ரெண்டு வருசம் படிச்சிட்டு ஏஜெண்டுக்கே பாடம் எடுக்குறியா புள்ள? ஒனக்கு வாசிக்கத் தெரியல" என்றார். முனியசாமி அண்ணன் மட்டும் சிரித்தார். "ஆடுன்னாலும் போவேன்மா. இங்கன கரி மூட்டத்துல வேகுறதுக்கு அங்கன வேகுறேன்."

போனார். பாலைவனத்துக்கு நடுவில் ஒரு கொட்டகை, அறுபது எழுபது ஆடு, தண்ணீர் லாரி வாரத்துக்கு ஒருமுறை. நான் வாசித்ததுதான் சரி என்று அவர் அனுப்பிய முதல் போட்டோவிலேயே தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து பெரியாத்தா போகிற இடத்திலெல்லாம் ஒன்றைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "ஊரே பொய் சொல்லுச்சு. அந்தப் புள்ள ஒருத்திதான் உள்ளத உள்ளபடி வாசிச்சா." ரேஷன் கடை வரிசையில் சொன்னாள், கோயிலில் சொன்னாள், கரிமூட்டத்தில் சொன்னாள். எனக்கு அது எவ்வளவு இனித்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமைக் குரல்

வெள்ளிக்கிழமை மத்தியானம் முனியசாமி அண்ணனின் வாய்ஸ் மெசேஜ் வரும். ஏதோ ஒரு மேட்டில் ஏறினால்தான் அங்கே சிக்னல் கிடைக்குமாம். காற்றுச் சத்தம் முக்கால்வாசி, அண்ணன் கால்வாசி.

பெரியாத்தாவுக்கு போனை இயக்கத் தெரியாது. நான் கல்லூரி விட்டு வந்ததும் என்னிடம் வருவாள். ஸ்பீக்கரில் போட்டாலும் போனை வாங்கிக் காதோடு வைத்து அழுத்திக்கொள்வாள். "எங்கன சாப்புடுற, என்ன சாப்புடுற" என்று ஒவ்வொரு வாரமும் கேட்கச் சொல்வாள்.

ஒருமுறை அவர் தன் முதலாளி கத்துவதை அப்படியே பதிவு செய்து எனக்கு அனுப்பினார். "இந்தாளு தெனமும் இதச் சொல்லித்தான் திட்டுறான். என்னன்னு சொல்லும்மா, பதில் சொல்லணும்" என்றார்.

பத்துத் தடவை கேட்டேன். ஒன்றும் பிடிபடவில்லை. எங்கள் புத்தகத்தில் ஆட்கள் "சகோதரரே, உங்கள் நலம் எப்படி?" என்று அழகாகப் பேசுவார்கள். அந்த முதலாளி பேசியது வேறொரு உலகத்து அரபி. "எங்க பாடத்துல இது இல்லண்ணே" என்று பதில் போட்டேன். "பாடத்துல இல்லாததத்தான் எல்லாரும் பேசுறாங்க போல" என்று சிரித்து அனுப்பினார். அந்தச் சிரிப்பை நான் அழிக்கவில்லை. போன் மாறினாலும் அதை மட்டும் மாற்றி எடுத்து வைத்திருக்கிறேன். போட்டுக் கேட்டதில்லை.

மருத்துவமனைப் பாடம்

பி.ஏ. முடிந்தது. பி.எட். சேர்ந்து ஹாஸ்டலில் தங்கினேன். இரண்டாம் வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் போய் வகுப்பெடுக்க வேண்டும். கடற்கரையில் ஒரு பள்ளியைக் கொடுத்தார்கள். சேலை கட்டிக்கொண்டு, பாடத்திட்ட நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறுவேன்.

எனக்கு வந்த பாடம் ஏழாம் வகுப்புக்கு. தலைப்பு மருத்துவமனை. அரபியில் முஸ்தஷ்ஃபா. ஒருவருக்கு உடம்பு சரியில்லை, மருத்துவமனைக்குப் போகிறார், மருத்துவர் பார்க்கிறார், மருந்து கொடுக்கிறார், குணமாகி வீட்டுக்கு வருகிறார். எட்டே வரிகள். மேற்பார்வைக்கு வருகிறவர் முன்னால் தடுமாறக்கூடாது என்று அந்த எட்டு வரியையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற மாதிரி உருப்போட்டேன். கட்டிலும் ஊசியும் வரைந்து சார்ட் ஒட்டினேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மெசேஜ் வரவில்லை.

அடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரம் நான் ஊருக்கு வந்தபோது பஸ் நிறுத்தத்திலேயே காத்திருந்தார் சண்முகம் அண்ணன். புளியமரத்துப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்.

"தம்பி போயிட்டாம்மா."

கொட்டகைக்கு வெளியே கிடந்திருக்கிறார். நெஞ்சுவலி என்று எழுதியிருந்தார்கள். வெயில் என்றார்கள் அக்கம்பக்கத்துக் கொட்டகை ஆட்கள். தண்ணீர் லாரி வந்தபோதுதான் பார்த்தார்களாம். எத்தனை நாளாகக் கிடந்தார் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம்

வெளிநாட்டில் யாராவது இறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் பெற்றவளுக்கும் கட்டியவளுக்கும் உடனே சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்பார்கள். பெட்டி வந்து இறங்குகிற அன்றைக்குக் காலையில்தான் சொல்வார்கள். அதுவரைக்கும் தெரு முழுக்க அந்த வீட்டைத் தாண்டும்போது மட்டும் சாதாரணமாகப் பேசிக்கொண்டு போகும். சின்னப் பிள்ளைகள்கூட வாய் தவற மாட்டார்கள். சொல்லிவிட்டால் அத்தனை நாள் அவள் என்ன செய்வாள், சோறு இறங்குமா, உடம்பு இல்லாமல் எதை வைத்து அழுவாள் என்பதுதான் கணக்கு. யாரையும் ஏமாற்றுவதற்காக ஏற்பட்ட வழக்கமில்லை. இரக்கப்பட்டுத்தான் செய்கிறார்கள்.

பெரியாத்தாவிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்கள்.

ஆனால் பெட்டி வருவதாக இல்லை. இன்ன காகிதம் இல்லை, இன்னார் கையெழுத்து இல்லை என்று அங்கே இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் ஒரு தாள் வந்தது. அங்கேயே அடக்கம் செய்துகொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று ரத்த உறவு எழுதிக் கொடுக்கிற தாள். முனியசாமி அண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பாவும் இல்லை. பெற்றவள்தான் கைநாட்டு வைக்க வேண்டும்.

"பெட்டி வர இன்னும் நாலு மாசம் ஆகுமாம். வந்தாலும் மொகம் பாக்குற மாதிரி இருக்காதுன்னுட்டாங்க. அத ஆத்தா பாக்கவா?" என்றார் சண்முகம் அண்ணன் அந்தப் புளியமரத்தடியில். அழுதுகொண்டேதான் சொன்னார். அவரை நான் கெட்டவராக எழுதப் போவதில்லை. அவர் நிலையில் யாரும் அதைத்தான் யோசித்திருப்பார்கள்.

"பெரியாத்தாகிட்ட சொல்லிட்டுக் கேளுங்கண்ணே."

"சொன்னா கைநாட்டு வைக்குமா? எம்புள்ளையக் கொண்டான்னுதான் நிக்கும். அது மாசக்கணக்கா இழுத்துக்கிட்டுப் போகும். ஆபரேசனுக்கு சம்மதம்னு சொல்லியிருக்கேன். நீ வாசிச்சாத்தான் வைப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்குது. ஒன் வாய்ல வந்தாத்தான் நம்பும்."

அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது. "டீச்சர், நீங்க மனசு வச்சாத்தான் முடியும்."

அந்த வார்த்தைக்கு நான் மயங்கினேன். மயங்கவில்லை என்று சொல்ல எனக்கு இன்று பல காரணங்கள் கிடைக்கும். பெரியாத்தா மேல் இரக்கம், ஊர்க் கட்டு, சின்ன வயது. எல்லாம் உண்மைதான். ஆனால் அன்றைக்கு என் கால் அந்த வீட்டுப் பக்கம் நடந்தபோது மனசுக்குள் ஓடியது வேறு. கடைசியில் இவர்களும் என்னை டீச்சர் என்றுவிட்டார்களே என்று ஓடியது.

எட்டு வரிகள்

நாற்காலியில் உட்கார்ந்தேன். தாளைக் கையில் வாங்கினேன். பச்சை முத்திரை ஒன்று மேலே. நடுவில் ஐந்தாறு வரி அச்சு. 'தஃப்ன்' என்ற சொல் இரண்டாவது வரியில் இருந்தது. புதைத்தல். முதல் வருஷத்தில் படித்த சொல்.

"மொதல்ல அந்தப் பாசையில" என்றாள் பெரியாத்தா.

தாளில் இருந்ததை அரபியில் வாசித்திருக்கலாம். அவளுக்கு எந்தச் சொல்லும் புரியப் போவதில்லை. தமிழில் மட்டும் மாற்றிச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அந்த வரியை வாயால் சொல்ல என்னால் முடியவில்லை. கண் தாளில் இருந்தது. வாய் மருத்துவமனைப் பாடத்தைச் சொன்னது.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்ன அதே எட்டு வரி. அதே ஏற்ற இறக்கம். ஒரு தடுமாற்றம் இல்லை. நோயாளி மருத்துவமனைக்குப் போனார், மருத்துவர் வந்தார், மருந்து கொடுத்தார். சண்முகம் அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

பெரியாத்தா கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும், "முஸ்தஷ்பா முஸ்தஷ்பான்னு வந்துச்சே, அது என்ன தாயி?" என்றாள்.

"ஆஸ்பத்திரி பெரியாத்தா. அங்கன ஆபரேசன் பண்ணச் சம்மதம் கேட்டிருக்காங்க."

"முஸ்தஷ்பா" என்று அவள் மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "அப்ப எம்புள்ள முஸ்தஷ்பாவுல இருக்கான். எப்ப விடுவாங்கன்னு போட்டிருக்கா?"

"கொணமானதும் அனுப்புவாங்கன்னு போட்டிருக்கு."

இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பாடத்தின் எட்டாவது வரி அது.

கைநாட்டு மூன்று தடவை வைக்க வேண்டியிருந்தது. கரிமூட்டத்தில் வெந்து வெந்து அவள் கட்டைவிரலில் ரேகையே கிடையாது. ரேஷன் கடை மெஷினும் அவளை ஏற்காது. முதல் தடவை வெறும் மசி. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை நான்தான் அவள் விரலைப் பிடித்து அழுத்தினேன். அதிலும் ஓரத்தில் இரண்டு கோடுகள்தான் விழுந்தன, அது போதும் என்றார் சண்முகம் அண்ணன்.

ரிஸ்வானா சொன்னது

திங்கட்கிழமை பள்ளியில் ரிஸ்வானாவிடம் சொன்னேன். அவளும் அங்கேதான் வகுப்பெடுத்தாள். டிபன் பாக்சை மூடி ஓரமாக வைத்தாள்.

"ஒன்ன நம்பி ஒப்படைச்சது அமானிதம்டி. பொன்னக் குடுத்திருந்தா பத்திரமாத் திருப்பிக் குடுத்திருப்ப. சொல்லக் குடுத்துட்டாங்க, அதனால தொலைச்சிட்ட" என்றாள்.

"நான் என்ன பண்ண? சொன்னா செத்துப்போயிருவாங்க அவங்க."

"அது அந்தம்மா பாடு. மகன எங்கன வைக்கணும்னு சொல்ற பாத்தியதை அவங்களுக்குத்தான். ஒனக்கு இல்ல, அவங்க மூத்த மகனுக்கும் இல்ல."

கோபித்துக்கொண்டு இரண்டு நாள் அவளிடம் பேசாமல் இருந்தேன். அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

அந்த நாட்களில் நான் ஊருக்குப் போகவில்லை. அம்மாதான் போனில் சொன்னாள். பெரியாத்தா தினமும் காலையில் அய்யனார் கோயிலுக்குப் போய் நின்று, "முஸ்தஷ்பாவுல கெடக்கான்யா எம்புள்ள, அந்த எடம் எங்கன இருக்குன்னு ஒனக்குத் தெரியும்ல, கண்ணத் தொறந்து பாரு" என்று சத்தமாகக் கேட்கிறாளாம். அய்யனாருக்கு விளங்கட்டும் என்று அந்தச் சொல்லை நிறுத்தி நிறுத்திச் சொல்கிறாளாம். அம்மாவுக்கு விஷயம் தெரியும். சொல்லிக்கொண்டே வந்தவள் போனை வைத்துவிட்டாள்.

அதற்குள் அங்கே முனியசாமி அண்ணனைப் புதைத்திருந்தார்கள். நம்பர் போட்ட ஒரு குழி. ஒரு போட்டோ வந்தது. மணல்மேடு, ஒரு கல். வேறொன்றும் இல்லை.

மனு

பெரியாத்தாவிடம் பிறகு சொன்னார்கள். இறந்துவிட்டான், அந்த ஊர்க்காரர்களே அடக்கம் பண்ணிவிட்டார்கள், நம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று.

அவள் நம்பினாள். நம்பியதால்தான் சும்மா இருக்கவில்லை. யாரையும் கேட்காமல் ஒரு திங்கட்கிழமை தனியாக பஸ் ஏறி ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருக்கிறாள். வாசலில் மனு எழுதுகிறவரிடம் எழுதி வாங்கியிருக்கிறாள். என்னைக் கேட்காமல் என் மகனைப் புதைத்துவிட்டார்கள், தோண்டி எடுத்தாவது கொண்டுவந்து கொடுங்கள் என்று மனு.

மனுவை வாங்கின அதிகாரி நல்ல மனிதர்தான். விசாரித்து வைத்து, அடுத்த வாரம் அவள் போனபோது காகிதத்தை எடுத்துக் காட்டினார்.

"நீங்கதானம்மா சம்மதம்னு கைநாட்டு வச்சிருக்கீங்க."

அதன் நகல் ஒன்றை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தாள். சண்முகம் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். என் வீட்டுக்கும் வரவில்லை. நான் வருவேன் என்று காத்திருந்தாள்.

நான் போகவில்லை. பரீட்சை என்றேன். பிறகு ரிசல்ட் என்றேன். பி.எட். தேறினேன். பட்டம் வாங்கியபோது கறுப்பு அங்கியோடு எடுத்த போட்டோவை அய்யா கண்ணாடி போட்டு மாட்டினார். கரையில் ஒரு பள்ளியில் வேலையும் கிடைத்தது. கல்லூரி ஆபீசில் அன்றைக்கு இருந்தவர் சொன்னது பொய்யில்லை.

இன்றைக்கும் ஏழாம் வகுப்பில் அந்தப் பாடம் இருக்கிறது. வருஷா வருஷம் வரும். பிள்ளைகள் கோரஸாக முஸ்தஷ்ஃபா என்பார்கள். ஒரு வருஷம் அதை விட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன். ஒரு பெண் எழுந்து, "மிஸ், இத எடுக்கலையே" என்றாள். திரும்பி வந்து எடுத்தேன்.

மறுபடியும் நாற்காலி

பொங்கலுக்கு ஊருக்குப் போயே ஆக வேண்டியிருந்தது. வேலை கிடைத்த முதல் பொங்கல். போன அன்றைக்குச் சாயங்காலமே பெரியாத்தா ஆள் அனுப்பினாள்.

வாசலில் அதே சிவப்பு நாற்காலி. அதே இடத்தில். செம்புக் கம்பி அவிழ்ந்து தொங்கியது. அவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதி உடம்பாகியிருந்தாள். என்னைப் பார்த்து அழவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தேன். பாலிதீன் உறையை நீட்டினாள். மடித்து மடித்து நகல் தாள் நாலாகக் கிழியப் பார்த்தது.

"கைநாட்டு எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியும். அதக் காமிக்க வேணாம். இதுல முஸ்தஷ்பா எந்த எடத்துல இருக்கு? வெரல வச்சுக் காமி."

தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பச்சை முத்திரை நகலில் கறுப்பாக இருந்தது.

"காமி தாயி. தெனம் சொல்லிக் கும்புட்ட சொல்லு. எந்த எழுத்துன்னு பாத்துக்கிறேன்."

"இதுல இல்ல பெரியாத்தா."

"ஒரு எடத்துலகூடவா?"

"இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். தெரிந்த விஷயத்தை இன்னொருவர் வாயால் கேட்டுக்கொண்ட மாதிரி ஆட்டினாள். தெருவில் பொங்கலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பு வாடை அடித்தது.

"சரி. என்ன இருக்கோ அத வாசி. மொதல்ல அந்தப் பாசையில."

வாசித்தேன். முதல் வரி. இரண்டாவது வரியில் குரல் நின்றுவிட்டது. "நிப்பாட்டாத" என்றாள். அந்தச் சொல்லைச் சொன்னேன். பிறகு மிச்ச வரிகள். முனியசாமி அண்ணனின் பெயர் அரபியில் நீட்டி எழுதப்பட்டிருந்தது. அவள் பெயரும் இருந்தது. இரண்டு பெயரும் வந்தபோது அவள் உதடு மட்டும் அசைந்தது.

தமிழில் சொன்னேன். இறந்துபோன என் மகனை அந்த நாட்டிலேயே புதைத்துக்கொள்ள, பெற்றவளான எனக்குச் சம்மதம். நானே கேட்டு, அறிந்து, முழு மனதோடு இதில் கைநாட்டு வைக்கிறேன். அவ்வளவுதான் அந்தத் தாளில் இருந்தது.

மன்னிச்சிருங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். தாளை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்தாள்.

"நல்லாத்தான் வாசிக்கிற" என்றாள்.

பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து என் முன்னால் வந்து நின்றாள்.

"எந்திரி. நாற்காலிய உள்ள வைக்கணும்."